தென்துருவத்திலிருந்து திரும்பி வரும் வழி

கேள்வி இது: "1911-ல் இரண்டு குழுக்கள் தென்துருவத்துக்குக் கிளம்பின. நார்வேயின் அமுண்ட்சென் குழு நலமாகத் திரும்பியது. பிரிட்டனின் ஸ்காட்டோடு துருவம்வரை போன ஐந்து பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஸ்காட் திறமையில்லாத தலைவர் என்று சிலர் சொல்கிறார்கள், எதிர்பாராத குளிர்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். எது உண்மை?"

துருவத்தை இரண்டு குழுக்களும் அடைந்தன என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசமெல்லாம் திரும்பும் வழியில்தான். அந்த வழியில் யார் எவ்வளவு சாப்பாடும் மண்ணெண்ணெயும் வைத்திருந்தார், வைத்த இடத்தை மறுபடி எப்படிக் கண்டுபிடித்தார், கணக்கில் எத்தனை நாள் மிச்சம் விட்டிருந்தார் என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். ஸ்காட்டைத் திறமையற்றவர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியாது. குளிர்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வதையும் ஏற்க முடியாது. பல வருடங்களாக இந்தப் பயணங்களின் நாட்குறிப்புகளைப் படித்து வருகிறேன். எத்தனை முறை படித்தாலும் 1912 மார்ச் பக்கங்கள் வந்ததும் மனசு கனத்துப்போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராஸ் கடலோரத்திலிருந்து துருவம் போய்வர 2,800 கி.மீ.க்குக் குறையாது. முதல் 600 கி.மீ.க்கு மேல் கடலில் மிதக்கும் ஒரு பிரம்மாண்டமான பனித்தட்டு. அதன்பின் மலைகளுக்கு நடுவே பனியாற்றில் ஏற வேண்டும். ஏறி முடித்தால் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில், காற்று ஓயாத வெள்ளைச் சமவெளி. வேட்டையாட ஒரு பிராணி கிடையாது, எரிக்க ஒரு சுள்ளி கிடையாது. குடிக்கத் தண்ணீர்கூடப் பனியை உருக்கினால்தான். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உணவு வேண்டும். ஐந்து மாதம் என்றால் 150 கிலோ. எண்ணெய், கூடாரம், தூங்கும் பை எல்லாம் தனி. இதை முழுக்கத் தன்னோடு இழுத்துக்கொண்டு போக யாராலும் முடியாது. அதனால் முந்தின வருடமே கொஞ்ச தூரம் போய் டிப்போ, அதாவது உணவும் எண்ணெயும் சேர்த்து வைக்கும் கிடங்கு, போட்டுவிட்டு வருவார்கள். அப்புறம் துருவத்துக்குப் போகும்போதும், திரும்பி வரும்போது சாப்பிட வேண்டியதை வழிநெடுகப் பனியில் புதைத்துக்கொண்டே போவார்கள். கட்டுச்சோற்றை வழியிலேயே வைத்துவிட்டு, அதை நம்பிப் போகிற பயணம் இது. ஒரு டிப்போவைத் தவறவிட்டால் அடுத்த டிப்போவரை வயிறு காய வேண்டியதுதான்.

இந்தக் கணக்கின் கொடுமையை முதலில் முழுசாக அனுபவித்தவர் பிரிட்டிஷ் பயணி ஷாக்கில்டன். 1909 ஜனவரி 9 அன்று அவரும் வைல்ட், மார்ஷல், ஆடம்ஸ் ஆகிய மூவரும் 88 டிகிரி 23 நிமிடம் தெற்கு அட்சரேகையில் நின்றார்கள் (துருவம் 90 டிகிரி). துருவத்துக்கு இன்னும் 180 கி.மீ. மட்டுமே பாக்கி. போயிருந்தால் அநேகமாக அடைந்திருப்பார்கள். திரும்பி வந்திருக்க மாட்டார்கள். ஷாக்கில்டன் அங்கேயே திரும்பினார். அப்படித் திரும்பியும் ஒவ்வொரு டிப்போவுக்கும் உணவுப் பை காலியாகும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். செத்த சிங்கமாக இருப்பதைவிட உயிருள்ள கழுதையாக இருப்பது மேல் என்று மனைவியிடம் பிறகு சொன்னாராம். அண்டார்டிகா வரலாற்றிலேயே நான் அதிகம் மதிக்கும் முடிவு அது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், ஸ்காட் எடுத்துக்கொண்டது ஷாக்கில்டன் திறந்த பாதையை. அதே பியர்ட்மோர் பனியாறு, அதே மட்டக்குதிரைகள், அதே மாதிரி கால அட்டவணை. பாதையோடு சேர்ந்து, நூலிழை அளவே மிச்சம் வைக்கும் அந்தக் கணக்கும் வந்துவிட்டது.

அமுண்ட்சென் வேறு மாதிரியான பள்ளியில் படித்தவர். 1897-99-ல் பெல்ஜிகா என்ற கப்பல் அண்டார்டிகாவின் உறைகடலில் சிக்கிக் குளிர்காலம் முழுக்கக் கிடந்தபோது அவர் அதில் கேப்டனுக்கு உதவும் துணை அதிகாரி. ஆட்கள் ஸ்கர்வியில் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) விழுந்ததையும், கப்பல் மருத்துவர் ஃபிரெடரிக் குக் சீல், பெங்குவின் இறைச்சியைத் தின்ன வைத்து அவர்களைத் தேற்றியதையும் கண்ணால் பார்த்தார். வைட்டமின் சி என்ற பெயரே உலகத்துக்குத் தெரியாத காலம் அது. பிறகு 1903-06-ல் வடமேற்குக் கடல்வழியைக் கடந்தபோது ஆர்க்டிக்கில் வாழும் நெட்சிலிக் இனுயிட் மக்களோடு பழகி, தோலாடையை எப்படித் தளர்வாக உடுத்துவது, நாய்களை எப்படிப் பழக்குவது என்று அவர்களிடம் மாணவனைப் போலக் கற்றுக்கொண்டார். இந்த அடக்கம்தான் பின்னால் அவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அவர் போட்ட டிப்போக்களைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1911 பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் 80, 81, 82 டிகிரிகளில் மூன்று டன் வரை உணவும் எண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பனிப்புயலில் பத்தடி தள்ளி நிற்பவரே தெரியாத இடத்தில் ஒரு குவியலை எப்படிக் கண்டுபிடிப்பது? அமுண்ட்சென் 80 டிகிரி டிப்போவுக்குக் குறுக்கே, கிழக்கில் பத்து, மேற்கில் பத்து என இருபது மூங்கில் கொடிகளை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக நட்டார். ஒவ்வொன்றிலும் எண். வழிதவறி எட்டு கிலோமீட்டர் விலகி வந்தாலும் ஏதோ ஒரு கொடி கண்ணில் படும், டிப்போ எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். துருவத்துக்குப் போகும் வழியில் ஆளுயரத்துக்கும் மேலாகப் பனிக்கட்டிகளை அடுக்கி 150 அடையாளத் தூண்கள் வேறு கட்டினார்கள். குளிர்காலம் முழுக்க பியாலண்ட் என்ற தச்சர், பனியில் இழுத்துப் போகும் ஸ்லெட்ஜ் வண்டிகளை இழைத்து இழைத்து, 75 கிலோ இருந்ததை 22 கிலோவுக்குக் கொண்டுவந்தார். பனிச்சறுக்குப் போட்டிகளில் நார்வேயிலேயே பெயர் வாங்கியவர் அவர்.

அமுண்ட்சென் தவறே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவசரப்பட்டு செப்டம்பர் 8-லேயே கிளம்பி, மைனஸ் 56 டிகிரியில் நாய்களின் பாதங்களும் ஆட்களின் குதிகால்களும் உறைந்துபோக, சிதறி ஓடித் திரும்பினார்கள். அதைத் தட்டிக்கேட்ட மூத்த பயணி யோஹான்சனைத் துருவக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். அந்த விஷயத்தில் அமுண்ட்சென் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தத் தவறை அவரால் தாங்க முடிந்தது. அக்டோபர் 19 அன்று ஐந்து பேர், நான்கு ஸ்லெட்ஜ், 52 நாய்களோடு மறுபடி கிளம்பினார். மலை ஏறியதும் 24 நாய்களைச் சுட்டு, ஆட்களும் மற்ற நாய்களும் தின்றார்கள். அந்த முகாமுக்குக் கசாப்புக்கடை என்றே பெயர் வைத்தார்கள். தாங்களே பழக்கி வளர்த்த நாய்கள். படிக்கவே கஷ்டமாக இருக்கும். டிசம்பர் 14-ல் துருவம். ஜனவரி 25-ல் வீடு திரும்பியபோது பயணம் தொடங்கி 99 நாள் ஆகியிருந்தது. மிஞ்சிய நாய்கள் 11.

சரி, இப்போது ஸ்காட். 1911 ஜனவரி இறுதியில் அவரும் டிப்போ போடப் போனார். 80 டிகிரியில் பெரிய டிப்போ வைப்பதாகத் திட்டம். இழுத்தவை மட்டக்குதிரைகள். நாய் உடல் சூட்டைத் தணித்துக்கொள்வது நாக்கு வழியாக. குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்த்து, அந்த வியர்வை அப்படியே ரோமத்தில் பனிக்கட்டியாக உறையும். குளம்புகள் பனியில் வயிறுவரை புதையும். நலிந்துபோன குதிரைகளைக் கொன்று, இறைச்சியை டிப்போவில் வைத்துவிட்டு மேலே போகலாம் என்றார் குதிரைகளுக்குப் பொறுப்பான கேப்டன் ஓட்ஸ். ஸ்காட்டுக்கு மனசு வரவில்லை. பிராணிகளை வதைப்பது அவருக்கு உண்மையாகவே தாங்காது. பிப்ரவரி 17-ல், 79 டிகிரி 29 நிமிடத்தில் ஒரு டன் பொருளை இறக்கிவிட்டுத் திரும்பினார். 'ஒன் டன் டிப்போ' என்ற பெயர் அப்படி வந்தது. இதற்காகப் பின்னால் வருந்துவீர்கள் என்று ஓட்ஸ் சொன்னதாக உடனிருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். திட்டமிட்ட இடத்துக்கு 57 கி.மீ. முன்னாலேயே டிப்போ நின்றுவிட்டது. யாருக்காக நிறுத்தினாரோ அந்தக் குதிரைகளும் பிழைக்கவில்லை. போன எட்டில் ஆறு அந்தப் பயணத்திலேயே போய்விட்டன.

ஸ்காட்டின் கடைசி முகாம் ஒன் டன் டிப்போவிலிருந்து சுமார் 20 கி.மீ. தெற்கே என்று எல்லாரும் சொல்வார்கள், உச்சுக்கொட்டுவார்கள். அந்த 20 கி.மீ.யைவிட 57 கி.மீ.தான் எனக்கு நெஞ்சை அறுப்பது. டிப்போ திட்டப்படி 80 டிகிரியில் இருந்திருந்தால், நாட்குறிப்பின் கணக்குப்படி, ஓட்ஸ் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் அதைத் தொட்டிருப்பார்கள்.

குதிரைகள் வசந்தகாலக் குளிரைத் தாங்காது என்பதால் ஸ்காட் கிளம்பியதே நவம்பர் 1. மோட்டார் ஸ்லெட்ஜ்கள் சீக்கிரமே நின்றுபோயின. பனியாற்றின் அடிவாரத்தில் கடைசிக் குதிரைகளையும் சுட்டாயிற்று. நாய்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. அதற்குமேல் மனிதர்களே தோளில் வார் பூட்டி இழுத்தார்கள். 1912 ஜனவரி 4-ல் கடைசித் துணைக்குழுவைத் திருப்பி அனுப்பும்போது, ஸ்காட், வில்சன், ஓட்ஸ், எட்கர் எவான்ஸ் என நான்கு பேர் போக வேண்டிய இடத்தில் ஐந்தாவதாக பௌவர்ஸையும் சேர்த்துக்கொண்டார் ஸ்காட். கூடாரம் நான்கு பேருக்கானது, உணவு மூட்டைகள் நான்கு பேர் கணக்கில் கட்டியவை, பௌவர்ஸின் ஸ்கீ பலகைகளோ பின்னால் ஒரு டிப்போவில். ஐந்து பேருக்குச் சமைக்க அரைமணி நேரம் கூடுதலாகிறது என்று மறுநாளே ஸ்காட் எழுதினார். கூடுதல் அரைமணி என்றால் கூடுதல் எண்ணெய்.

சாப்பாட்டிலும் குறை இருந்தது, ஆனால் அது அலட்சியத்தால் வந்ததல்ல. பெமிக்கன் என்ற இறைச்சியும் கொழுப்பும் சேர்ந்த கட்டி 340 கிராம், பிஸ்கட் 450 கிராம், கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, கோகோ, தேயிலை. மொத்தம் ஏறத்தாழ 4,500 கலோரி. இந்த அளவை, குளிர்காலத்தில் ஸ்காட் குழுவின் வில்சன், பௌவர்ஸ், செரி-காரார்ட் மூவரும் பேரரசப் பெங்குவின் முட்டைகளுக்காக மைனஸ் 60 டிகிரியில் நடந்தபோது, ஒருவர் கொழுப்பை அதிகமாகவும் இன்னொருவர் பிஸ்கட்டை அதிகமாகவும் தின்று பார்த்து முடிவு செய்தார்கள். அந்தக் காலத்துக்கு அதைவிடக் கவனமான சோதனை கிடையாது. ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கு ஒரு நாளைக்கு 6,000 கலோரிக்கு மேல் செலவாகும் என்பதைப் பிற்கால அளவீடுகள்தான் காட்டின. ஆக, துருவக் குழு வயிறு நிறையச் சாப்பிட்ட நாளில்கூட உள்ளுக்குள் பட்டினிதான்.

அப்புறம் மண்ணெண்ணெய். நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த பித்தளை பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கிறதா? ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, பம்ப் அடித்து, பின் குத்திப் பற்றவைக்கும் அதே பிரைமஸ் அடுப்புதான் துருவக் கூடாரங்களிலும் இருந்தது. அந்த ஸ்டவ்வின் பம்பில் ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கிவிட்டால் காற்று நிற்காது. அம்மாக்கள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள். ஸ்காட்டின் எண்ணெய் டின்களிலும் மூடிக்கு அடியில் தோல் வாஷர்தான். தன் முந்தைய 1901-04 பயணத்தில் கார்க் மூடி வழியாக எண்ணெய் வீணானதைப் பார்த்து, அதைச் சரிசெய்யத்தான் திருகு மூடியும் தோலும் வைத்தார். கடுங்குளிரில் அந்தத் தோல் விறைத்துச் சுருங்கியது. எடுக்க வசதியாகக் குவியலின் உச்சியில் வைத்த டின்களில் கோடை வெயில் பட்டு எண்ணெய் ஆவியாகி, அந்த இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 24-ல் பனித்தட்டின் முதல் டிப்போவுக்கு வந்தபோது எண்ணெய் குறைவு. மார்ச் 1-ல் அடுத்ததிலும் குறைவு. 9-ம் தேதி அதற்கடுத்ததிலும் அப்படியே. எண்ணெய் இல்லையென்றால் சூடான உணவு மட்டுமல்ல, தண்ணீரும் இல்லை. ஈரமான காலுறைகளும் பூட்ஸும் உறைந்தே கிடக்கும். காலையில் பூட்ஸுக்குள் காலை நுழைக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று ஸ்காட்டின் நாட்குறிப்பில் வரும். ஓட்ஸின் கால்கள் அந்த பூட்ஸுக்குள்தான் கருத்துச் செத்தன. அமுண்ட்சென் தன் டின்களின் வாயைப் பற்றவைத்து ஒரேயடியாக மூடிவிட்டார். இவ்வளவு சின்ன வித்தியாசம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஓசோன் ஓட்டை ஆய்வுக்குப் பெயர்பெற்ற விஞ்ஞானி சூசன் சாலமன், ராஸ் பனித்தட்டில் இப்போதுள்ள தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவுகளோடு ஸ்காட் குழுவின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். 1912 மார்ச் வழக்கத்தைவிடக் கணிசமாகக் குளிர்ந்திருந்தது என்பது அவர் முடிவு. நாள்தோறும் மைனஸ் 40-ஐ ஒட்டிப் போனால் ஸ்லெட்ஜுக்கு அடியில் பனி உருகி வழுக்காது. மணலில் இழுப்பது போலத்தான். இதை ஸ்காட் முன்கூட்டியே தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் மோசமான மார்ச் ஒன்று வந்தால் தாங்கும் அளவுக்கு மிச்சம் வைத்திருந்தாரா என்றால், இல்லை.

இந்த இடத்தில் டாம் கிரீனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. அயர்லாந்தின் கெர்ரியில் பிறந்த மாலுமி. துருவத்துக்கு 270 கி.மீ. இருக்கும்போது ஸ்காட் திருப்பி அனுப்பிய மூவரில் ஒருவர். மற்ற இருவர் லெப்டினன்ட் டெடி எவான்ஸும் லாஷ்லியும். வழியில் எவான்ஸுக்கு ஸ்கர்வி முற்றி நிற்கவே முடியாமல் போனது. என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். இருவரும் முடியாது என்று சொல்லி, அவரை ஸ்லெட்ஜில் கட்டி இழுத்தார்கள். பிப்ரவரி 18-ல் அவர்களாலும் முடியவில்லை. லாஷ்லி நோயாளியோடு கூடாரத்தில் தங்க, கிரீன் தனியாக 56 கி.மீ. நடந்தார். அதற்கு முன்பே 2,400 கி.மீ. நடந்த கால்கள். கையில் மூன்று பிஸ்கட், இரண்டு சாக்லேட் துண்டு. கூடாரமோ தூங்கும் பையோ இல்லை. பாதி வழியில் உட்கார்ந்து சாக்லேட்டையும் இரண்டு பிஸ்கட்டையும் தின்றுவிட்டு, மூன்றாவதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த மூன்றாவது பிஸ்கட் மறப்பதே இல்லை. 18 மணி நேரத்தில் கடலோரத்தில் இருந்த ஹட் பாயிண்ட் குடிசைக்குள் நுழைந்தார். அரைமணி நேரத்தில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. எவான்ஸ் பிழைத்தார்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. ஸ்காட்டை எதிர்கொள்ள நாய் வண்டிகளோடு தெற்கே போயிருக்க வேண்டியவர் மருத்துவர் அட்கின்சன். எவான்ஸின் உயிர் அவர் கையில் இருந்ததால் அவரால் நகர முடியவில்லை. வழி கணக்கிடத் தெரிந்த ரைட்டை அனுப்பலாம் என்றால், வானிலையாளர் சிம்சன் சிம்லாவில் இருந்த இந்திய வானிலைத் துறை வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, அவர் பொறுப்பை ரைட் ஏற்க வேண்டும். கடைசியில் போனவர் செரி-காரார்ட். 26 வயது, கடுமையான கிட்டப்பார்வை, பனிவெளியில் வழி கணக்கிடத் தெரியாது. மார்ச் 3 இரவு ஒன் டன் டிப்போவை அடைந்து ஒரு வாரம் காத்திருந்தார். அங்கே நாய்களுக்குத் தீனி இல்லை. நாய்களைப் பணயம் வைக்கக்கூடாது என்பது உத்தரவு. மார்ச் 10-ல் திரும்பிவிட்டார். அதே நாட்களில் ஸ்காட் ஏறத்தாழ 120 கி.மீ. தெற்கே, காலியான எண்ணெய் டின்களைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய்கள் இன்னும் தெற்கே வந்து தங்களைச் சந்திக்க வேண்டும் என்று ஸ்காட் முன்பே சொல்லியிருந்தார். அது பல வாய் மாறி, பல வேலைகளுக்கு நடுவே நீர்த்துப்போனது. செரி-காரார்டை இதற்காகக் குற்றம் சொல்பவர்களோடு நான் சண்டை போடுவேன். கொடுத்த உத்தரவின்படி நடந்தார், ஆயுள் முழுக்க அதை எண்ணி உடைந்துபோனார்.

மற்றதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். துருவக் குழுவிலிருந்த எட்கர் எவான்ஸ் (பிழைத்த டெடி எவான்ஸ் வேறு ஆள்) பிப்ரவரி 17-ல் பனியாற்றின் அடிவாரத்தில் இறந்தார். மார்ச் நடுவில், தன்னால் மற்றவர்கள் தாமதமாகிறார்கள் என்று உணர்ந்த ஓட்ஸ், "சும்மா வெளியே போகிறேன், கொஞ்ச நேரம் ஆகலாம்" என்று சொல்லிவிட்டுப் புயலுக்குள் நடந்தார். அவருடைய 32-வது பிறந்தநாளை ஒட்டி அது நடந்தது. ஸ்காட்டின் கடைசிக் குறிப்பு மார்ச் 29.

ஆக, திறமையில்லாதவரா ஸ்காட்? சாவை நோக்கி நடந்த அந்த ஸ்லெட்ஜில் 16 கிலோ பாறைகள் இருந்தன. அவற்றைத் தூக்கிப்போட்டிருக்கலாமே என்று இன்று எளிதாகக் கேட்கிறோம். அவற்றில் குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் தொல்லெச்சம் இருந்தது. வங்காளத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படிவங்களில் கிடைக்கும் அதே இலை. அண்டார்டிகாவில் ஒரு காலத்தில் காடு இருந்தது, அது இந்தியாவோடும் ஆப்பிரிக்காவோடும் ஒட்டிக் கிடந்தது என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி. அறிவியலை இந்த அளவுக்கு நேசித்தவரை வெறும் தோற்றவராகப் பார்க்க என்னால் ஆகாது. அவருடைய குறை வேறு. ஐந்து வேலைகளும் ஒன்று விடாமல் சரியாக நடந்தால் மட்டுமே பிழைக்க முடியும் என்ற திட்டத்தை ஏற்றுக்கொண்டார். குதிரை, டிப்போ, ஐந்தாவது ஆள், எண்ணெய், நாய் வண்டி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகியது. குளிர் மிச்சத்தை முடித்தது.

1912 அக்டோபர் இறுதியில் தேடுதல் குழு கிளம்பியது. இம்முறை சுமை இழுத்தவை இந்திய அரசு கொடுத்த ஏழு கோவேறு கழுதைகள். லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப் என்று பெயர்கள். இமயமலைப் பக்கத்தில் பழக்கியவை. நவம்பர் 12 அன்று ரைட்டின் கண்ணில் பனிக்கு மேலே துருத்திய கூடார முனை பட்டது. உள்ளே ஸ்காட்டுக்கு இருபுறமும் வில்சனும் பௌவர்ஸும். கூடாரத்தை அவர்கள்மேலேயே சாய்த்து, பனியைக் குவித்து, ஸ்கீ பலகைகளால் சிலுவை நட்டார்கள்.

அமுண்ட்சென் 1912 ஜனவரி முதல் வாரத்தில் திரும்பி வரும்போது, மலையடிவாரத்தில் பெட்டி மலை என்ற பாறை முகட்டில் கல்லை அடுக்கி, 17 லிட்டர் மண்ணெண்ணெயும் இருபது பெட்டித் தீக்குச்சியும் பயணத்தைப் பற்றிய ஒரு குறிப்பும் வைத்தார். தங்களுக்கு இனி அது வேண்டாம், பின்னால் வரும் யாருக்காவது உதவட்டும் என்று. 1929 கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்கப் பயணி பைர்டின் குழுவைச் சேர்ந்த நிலவியலாளர் லாரன்ஸ் கூல்ட் அந்த முகட்டில் ஏறினார். அமுண்ட்சென் ஆர்க்டிக்கில் விபத்துக்குள்ளானவர்களைத் தேடிப் போய்க் காணாமல் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கல் குவியலும் டின்னும் குறிப்பும் வைத்த இடத்திலேயே இருந்தன.